குழந்தை கை நீட்டும் கணக்கு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியதைப் பேசியபடியே, கொஞ்சம் மட்டும் சீர்செய்து மலருக்குத் தருகிறேன்.)



சங்கச் செயலர் போன் செய்து, "ரோபோ பத்திப் பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். 2011-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்து வெளியே போன நாளிலிருந்து கார் தொழிற்சாலைகளில் வெல்டிங் ரோபோக்களோடுதான் மல்லுக்கட்டுகிறேன். அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுவது கஷ்டமில்லை. ஆனால் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது ரோபோவின் கைக்குக் குறுக்கே இன்னொரு கை வந்து நின்றது. என் மகளின் இடது கை. செயலர் மன்னிக்க வேண்டும். இன்றைக்கு அந்தக் கையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ரோபோவும் நடுவில் வரும்.

முதலில் நம்ம ஃபிட்டிங் ஷாப்புக்குப் போவோம். முதல் வருடம், கையில் ஒரு பட்டை இரும்பு, ஒரு அரம். தட்டையாக ராவ வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரம் ராவிவிட்டு ட்ரை ஸ்கொயரை வைத்துப் பார்த்தால் நடுவில் மேடு, இரண்டு ஓரமும் சரிவு. என் பட்டை ஆமை ஓடு மாதிரி இருந்தது. இன்ஸ்ட்ரக்டர் வந்து என் முழங்கையை ஒரு தட்டுத் தட்டி, "ஏம்பா இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கிற? இது அரமா, கடப்பாரையா?" என்றார். நான் மட்டுமில்லை, வகுப்பே அப்படித்தான் நின்றது. புதிதாக ஒரு வேலை செய்யும்போது எல்லா மூட்டையும் இறுக்கிக்கொண்டு ஒன்றிரண்டை மட்டும் அசைப்பது மனுஷ சுபாவம். பழகப் பழகத்தான் ஒவ்வொரு மூட்டாக இளகும்.

இதைத் தொழிலாகவே ஆராய்ந்த ஒருவர் இருந்தார். ரஷ்யாவின் நிகோலாய் பெர்ன்ஸ்டைன். 1920-களில், மாஸ்கோவில் தொழிலாளர்களின் வேலை அசைவுகளை ஆராயும் ஒரு நிறுவனத்தில், சுத்தியல் அடிக்கும் ஆட்களின் மூட்டுகளில் சின்னச் சின்ன பல்புகளைக் கட்டிப் படம் எடுத்தார். கைதேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் ஒவ்வொரு தடவையும் சரியாக அதே இடத்தில்தான் விழுகிறது. ஆனால் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் இரண்டு அடிகளில் ஒரே மாதிரி போகவில்லை. அப்படியென்றால் மூளை ஒரே ஆர்டரைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அப்போதைய நிலைமையைப் பார்த்துப் புதிதாகக் கணக்குப் போடுகிறது.

இந்தக் கணக்கு எவ்வளவு பெரிசு என்று மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்கிறேன். வெளியில் ஒரு இடத்தையும் திசையையும் பிடிக்க ஆறு அச்சு போதும். எங்கள் வெல்டிங் ரோபோவுக்கு ஆறுதான். மனிதக் கைக்கு விரல்களை விட்டுவிட்டாலும் ஏழு: தோளில் மூன்று, முழங்கையில் ஒன்று, முன்கையைத் திருப்ப ஒன்று, மணிக்கட்டில் இரண்டு. ஒன்று அதிகம். அந்த ஒன்றால் ஒரு டம்ளரை எடுக்கக் கணக்கில்லாத வழிகள் வந்துவிடுகின்றன. எந்த வழியை எடுப்பது? ரோபோவுக்கு நாங்கள் டீச் பெண்டன்டைக் கையில் பிடித்துப் புள்ளி புள்ளியாகச் சொல்லித்தருகிறோம். அதன் பின் அது ஒரு மில்லிமீட்டருக்குள் தவறாமல் போகும். ஆனால் அதன் அடிப்பாகத்தை விரற்கடை நகர்த்தி வைத்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

பச்சைக் குழந்தையின் கை வாராவாரம் நீளுகிறது, கனக்கிறது. லிங்க்கின் நீளமும் எடையும் தினம் மாறும் ரோபோவுக்கு எவனாவது புரோகிராம் எழுதுவானா? சொல்லித்தர டீச் பெண்டன்ட்டும் கிடையாது. பக்கத்தில் பாட்டி மட்டும்தான் உண்டு.

அந்தக் காலத்து டாக்டர்கள் இதற்குச் சுலபமான பதில் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கெசல் என்பவர் ஏராளமான குழந்தைகளைப் படம் பிடித்து, எந்த மாதம் எது வரும் என்று அட்டவணை போட்டார். நரம்பு முதிர முதிர, பூ மொட்டு விரிவது போல அசைவுகள் தானாக வரும் என்பது அவர் கட்சி. இன்றைக்கும் டாக்டர் அறைச் சுவரில் தொங்கும் வளர்ச்சி அட்டவணைகளுக்கு மூலம் அவர் போன்றவர்களின் வேலைதான். அட்டவணை தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது எந்த மாதம் வரும் என்று சொல்லுமே தவிர, எப்படி வருகிறது என்று சொல்லாது.

எப்படி என்பதைப் பார்த்தவர் எஸ்தர் தெலன். குளவி தன் உடம்பைத் துடைத்துக்கொள்ளும் அசைவுகளை ஆராய்ந்துவிட்டுக் குழந்தைகளிடம் வந்தவர் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். இந்தியானா பல்கலைக்கழகத்தில் நாலே நாலு குழந்தைகளை, பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஒரு வயது வரை விடாமல் அளந்தார். 1993-ல் அதைப் பற்றிய முதல் கட்டுரை வந்தது. நாலு பேரும் ஒரே நாளில் கை நீட்டவில்லை. ஒருவன் 12-வது வாரத்தில் நீட்டினான், இன்னொருவருக்கு 20 வாரமும் தாண்டிற்று. அதுகூட ஆச்சரியமில்லை. ஒவ்வொருவரும் தீர்க்க வேண்டிய கணக்கே வேறு! ஒரு பையன் துறுதுறு. காற்றாடி மாதிரி இரண்டு கையையும் சுழற்றிக்கொண்டே இருப்பான். பொம்மையைத் தொட அவன் வேகத்தைக் குறைக்கக் கற்க வேண்டியிருந்தது. ஒரு பெண் குழந்தை சாது. அவள் அசைவே மெதுவானது. கனமான கையைத் தரையிலிருந்து தூக்கப் பலத்தைக் கூட்டக் கற்க வேண்டியிருந்தது. அவனுக்கு பிரேக் பிரச்சினை, இவளுக்கு ஆக்ஸிலரேட்டர் பிரச்சினை. கடைசியில் எல்லோரும் பொம்மையைத் தொட்டார்கள். வேறு வேறு ரோட்டில் வந்து ஒரே ஊரில் இறங்கினார்கள்.

ஆரம்பத்தில் நீட்டும் கையைக் கவனித்தால் இன்னொன்றும் தெரியும். முழங்கையை இறுக்கிக்கொண்டு, தோளையும் உடம்பையும் வைத்துத்தான் நீட்டும். ஃபிட்டிங் ஷாப்பில் நான் நின்றேனே, அதே கதை. கை நேர்கோட்டில் போகாது, துண்டு துண்டாக வெட்டி வெட்டிப் போகும். இந்த வெட்டல் மெல்ல மெல்லத்தான் சமமாகும்.

ஆனால் கணக்கு அதற்கு ரொம்ப முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. பிறந்த குழந்தை கையைக் காலை ஆட்டினால் நாம் "விளையாடுது" என்போம், மருத்துவப் புத்தகம் "அனிச்சை" என்று எழுதிவிட்டுப் போகும். 1995-ல் வான் டெர் மீர் என்ற பெண்மணியும் கூட இருந்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். பிறந்து சில வாரமே ஆன குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைத்து, மணிக்கட்டில் சிறு கயிறு கட்டிக் கால் பக்கமாக லேசாக இழுத்தார்கள். தன் கண்ணுக்குத் தெரிகிற கையை மட்டும் குழந்தை இழுவைக்கு எதிராகத் தூக்கி வைத்துக்கொண்டது. தெரியாத கையை விட்டுவிட்டது. மறுபக்கத்துக் கையை டி.வி. திரையில் காட்டினார்கள், இப்போது அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தது! அந்த வயதிலேயே "இது என் கை, இது என் கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும்" என்று ஒரு வேலை நடக்கிறது. நகம் கீறிவிடும் என்று நாம் குழந்தைக்கு இருபத்துநாலு மணி நேரமும் கையுறை மாட்டி வைக்கிறோமே, நகத்தை வெட்டிவிட்டு விழித்திருக்கும் நேரத்திலாவது அதைக் கழற்றலாம் என்பது என் சொந்த அபிப்பிராயம். டாக்டர் சொன்னதல்ல.

இன்னொரு சோதனையைச் சொல்லாமல் போனால் கன்ட்ரோல் ஸிஸ்டம்ஸ் பாடம் எடுத்த சார் கோபித்துக்கொள்வார். ஸ்வீடனைச் சேர்ந்த கிளேஸ் வான் ஹாப்ஸ்டென் 1980-ல் எழுதியது. நாலு மாதம் சொச்சம் ஆன குழந்தைகள், விநாடிக்கு 30 சென்டிமீட்டர் வேகத்தில் நகரும் பொருளைப் பிடித்தன. பொருள் இருக்கும் இடத்துக்கு அல்ல, அது வரப்போகும் இடத்துக்குக் கையை அனுப்பின. ஓடும் கன்வேயரில் வரும் பாகத்தை ரோபோவை எடுக்க வைக்க நாங்கள் கேமராவும் என்கோடரும் மாட்டி, நாலு நாள் தூக்கம் கெட்டோம்.

சரி, இனி என் வீட்டுக் கதை.

என் மகள் நிறை மாதத்தில், மூன்று கிலோ எடையில் பிறந்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. நாலாம் மாதம் கிலுகிலுப்பையை எட்டிப் பிடித்தாள். வலது கையால். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாருடா, இப்பவே சோத்துக் கைப் பழக்கம் வந்துடுச்சு. உங்க மாமா மாதிரி பீச்சாங்கைக்காரியா ஆயிடுவாளோன்னு பயந்தேன்" என்றாள். நம் வீடுகளில் இடது கைக்கு இருக்கும் மரியாதை உங்களுக்குத் தெரியாததல்ல. குழந்தை வலது கையை நீட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டோம். இடது பக்கம் பொம்மையை வைத்தாலும் உடம்பையே திருப்பி, நெஞ்சைத் தாண்டி வலது கையைக் கொண்டுவந்து எடுப்பாள். "அடேங்கப்பா, எவ்வளவு சாமர்த்தியம்" என்று வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. இப்போது பார்த்தால் இடது கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடிந்து கிடப்பது முதல் விநாடியிலேயே தெரிகிறது. அன்றைக்கு என் கண் வலது கையிலேயே இருந்தது.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் என் மனைவி மட்டும் கேட்டாள். "சில குழந்தை அப்படித்தாம்மா, ஒரு வயசு வரைக்கும் பார்ப்போம்" என்று பதில் வந்தது. அவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் அங்கே வரிசையில் நாற்பது பேர் நின்றார்கள், அதுவும் உண்மை.

ஏழாம் மாதம் ஒரு நாள் குளிப்பாட்டிவிட்டுக் கையில் கருவளையல் போட்டுக்கொண்டிருந்தாள். வலது கை வளையல் எச்சிலில் ஊறி, கடிபட்டு, கறுப்பெல்லாம் வெளுத்திருந்தது. இடது கை வளையல் கடையில் வாங்கிய மாதிரி பளபளவென்று இருந்தது. "என்னங்க, இதைப் பாருங்க" என்றாள். எனக்கு அடிவயிற்றில் சில்லென்றது. இரண்டு பேரிங்கில் ஒன்று தேய்ந்து ஒன்று புதிதாக இருந்தால் லோடு எங்கே போகவில்லை என்று தொழிற்சாலையில் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். அதைச் சொல்ல எனக்குச் சம்பளம் தருகிறார்கள். வீட்டில் மூன்று மாதம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

மறுநாளே மனைவியின் பெரியம்மாவிடம் காட்டினோம். ரிட்டையர்ட் நர்ஸ். குழந்தையின் வலது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, சாவிக்கொத்தைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டினார். இடது கை வரவில்லை. குழந்தை அழுதது. "ஒரு வயசுக்கு முன்னாடி எந்தக் குழந்தையும் சோத்துக் கை பீச்சாங்கைன்னு பிரிச்சுப் பார்க்காது மாப்பிள்ளை. ரெண்டும் ஒண்ணுதான் அதுக்கு. ஒரு கையை மட்டும் நீட்டினா அது பழக்கம் இல்ல, இன்னொரு கைக்கு ஏதோ முடியலைன்னு அர்த்தம். நாளைக்கே குழந்தை நரம்பு டாக்டரைப் பாருங்க" என்றார்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பிறப்பதற்குச் சற்று முன்போ, பிறக்கும் சமயத்திலோ, மூளையின் வலது பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. பெரியவர்களுக்குப் பக்கவாதம் என்கிறோமே, அதுதான். மூன்று கிலோ குழந்தைக்குப் பக்கவாதம் வரும் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் பொறுமையானவர். "நீங்க செஞ்சதுனாலயோ செய்யாததுனாலயோ வரல" என்பதை மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் தேவைப்பட்டது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை இஞ்சினியர்கள் கவனித்துக் கேட்க வேண்டும். பிறக்கும்போது மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு பக்கத்துக்கும் நரம்புப் பாதைகள் போகின்றனவாம். பிறகு அவற்றுக்குள் போட்டி. எந்தப் பாதையில் போக்குவரத்து இருக்கிறதோ அது நிலைக்கும், மற்றது சுருங்கிவிடும். இங்கிலாந்தில் நியூகாசிலில் ஜேனட் ஐர் என்பவர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். முதல் இரண்டு வருடத்தில்தான் இந்தப் போட்டி மும்முரமாக நடக்கிறது. அடிபட்ட பக்கத்திலிருந்து வரும் பாதையில் வண்டி ஓடாவிட்டால், மிச்சமிருப்பதும் மூடிப்போகும். "ஒரு வயசு வரைக்கும் பார்ப்போம்" என்பதன் விலை அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சிகிச்சை என்று பெரிய கருவி ஒன்றும் இல்லை. நல்ல கையில் ஒரு துணி உறை மாட்டிவிட்டு, தினம் அரை மணி நேரம் இடது கையால் விளையாட வைக்க வேண்டும். ஆறு வாரம், பிறகு இடைவெளி, மறுபடி ஆறு வாரம். ஸ்வீடனில் குழந்தைகளுக்கென்றே வகுத்த முறை என்றார் பிசியோதெரபிஸ்ட். இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் குழந்தையின் கையைக் கட்டிவைத்துவிடாதீர்கள். எவ்வளவு நேரம், எந்தப் பொருள், எந்த உயரத்தில் என்பதெல்லாம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும். குழந்தை கோபப்பட்டால் அந்த நாள் வீண்.

எங்கள் வீட்டில் அந்த அரை மணி நேரத்தை நடத்தியது அம்மா. எம்.ஆர்.ஐ. அன்றைக்கு ஒரு மூலையில் போய் உட்கார்ந்து, "நான்தானே சோத்துக் கைன்னு சொல்லிக் கெடுத்தேன்" என்று அழுதவள், மறுநாளிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து வேலை வாங்க ஆரம்பித்தாள். கடையில் வாங்கிய பொம்மை எதற்கும் இடது கை மசியவில்லை. அம்மா கரண்டிகளையும் அஞ்சறைப் பெட்டிக் கிண்ணங்களையும் பாயில் பரப்பினாள். மூன்றாவது வாரம் ஒரு சீரகக் கிண்ணத்தின் மேல் அந்தக் கை வந்து விழுந்தது. பிடிக்கவில்லை, விழுந்ததுதான். கிண்ணம் டங்கென்று உருண்டது. குழந்தை சத்தம் வந்த பக்கம் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். சிறிது நேரம் கழித்து மறுபடி போட்டாள். நான் அன்றைக்கு லீவ் போட்டிருந்தது என் அதிர்ஷ்டம்.

பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவம் என்று ஒன்று வரும். சப்பாணி என்றாலே நமக்கு வேறு அர்த்தம்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே அது இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தட்டுவது, ஒன்பதாம் மாதத்து விளையாட்டு. பழைய புலவர்கள் குழந்தையை எவ்வளவு உற்றுப் பார்த்திருக்கிறார்கள்! இன்றைய அட்டவணையிலும் கைதட்டுதல் ஏறக்குறைய அந்த மாதத்தில்தான் இருக்கிறது. இரண்டு கையும் நடுக்கோட்டில் வந்து சந்திக்காமல் அது நடக்காது. என் மகள் சப்பாணி கொட்டியது பதினேழாம் மாதம்.

தம்பி தங்கைகளுக்கு இதெல்லாம் இன்னும் தூரம் என்று தோன்றும். ஆனால் உங்கள் அக்கா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ ஒரு கைக்குழந்தை இருக்கும். போய்ப் பாருங்கள். மூன்று நாலு மாதத்துக்குப் பிறகும் ஒரு கை மட்டும் எப்போதும் மூடியே இருக்கிறதா, எந்தப் பக்கம் பொருளை வைத்தாலும் ஒரே கைதான் வருகிறதா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். காசு இல்லையே என்றும் யோசிக்க வேண்டாம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் டி.இ.ஐ.சி. என்ற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையங்கள் வந்திருக்கின்றன. அரசு மருத்துவமனையில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், இலவசம்தான்.

செயலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். முடித்துக்கொள்கிறேன்.

மகளுக்கு இப்போது நாலரை வயது. இடது கை முழுக்கச் சரியாகவில்லை, ஆகாது என்றும் எங்களுக்குத் தெரியும். சட்டைப் பித்தான் போட முடியாது. ஓடினால் அந்தக் கை கொஞ்சம் மடங்கிக்கொள்ளும். ஆனால் படம் வரையும்போது காகிதத்தை அதுதான் அழுத்திப் பிடிக்கிறது. நான் வீட்டில் தொழிற்சாலைக் கதை பேசுவதைக் கேட்டுக் கேட்டு, அதற்கு "ஹெல்ப்பர்" என்று அவளே பெயர் வைத்திருக்கிறாள். பென்சில் சீவும்போது, "ஹெல்ப்பர், வா வா, பிடி" என்று கூப்பிடுவாள். சில நாள் ஹெல்ப்பர் வருவதில்லை. அன்றைக்கு அவளுக்குக் கோபம் வரும்.

இரண்டாவது வரிசையில் அவள் பாட்டி மடியில் உட்கார்ந்திருக்கிறாள். நான் பேசி முடித்ததும் கைதட்டுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். கேள்வி இருப்பவர்கள் டீ நேரத்தில் வாருங்கள், ரோபோவைப் பற்றியும் கேட்கலாம்.